கூரையில் கயாக், சீட்டில் தண்ணீர்: மழை உள்ளே வரும் வழி

பினாங்கின் தெலுக் பஹாங்கில் கயாக் என்ற துடுப்புப் படகைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பி, பத்து பெரிங்கி வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டால், ஜார்ஜ் டவுன் வருவதற்குள் பின் சீட் நனைந்துவிடும். பலர் உடனே கதவு ரப்பரை மாற்றப் போகிறார்கள். பெரும்பாலும் ரப்பர் மேல் தப்பே இருக்காது. தண்ணீரை உள்ளே கொண்டுவருவது படகைக் கட்டிய ஸ்ட்ராப்.

கூரைமேல் சுமை கட்டும் ரேக் இல்லாத காரில் காற்றடைத்த மெத்தை போட்டுக் கட்டும்போது, ஸ்ட்ராப் கதவிடுக்கு வழியாக உள்ளே போய் மறுபக்கம் வெளிவருகிறது. நெய்த நாடா, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுக்கும். படகில் விழும் மழையும் அதன் வழியேதான் வடியும். உள்ளே எந்த இடத்தில் தாழ்ந்து தொங்குகிறதோ அங்கே சொட்டும்.

நிரந்தரத் தீர்வு குறுக்குக் கம்பி ரேக்தான். ஸ்ட்ராப் கம்பியோடு நின்றுவிடும், காருக்குள் வர வேலையே இல்லை. அடிக்கடி படகு ஏற்றுபவர்கள் இதற்குச் செலவு செய்வது நல்லது. பொருத்தும்போது ரேக்கின் கால் கதவு ரப்பரை மடக்கிப் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடங்கிய ரப்பர் புது ஒழுக்கைக் கிளப்பும். முன்னும் பின்னும் கட்டும் கயிற்றையும் பூட் மூடிக்குள் விடாமல், இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள்.

ரேக் வாங்கும்வரை: ஸ்ட்ராப் ரப்பரைக் கடக்கும் இடத்தில் சுமார் 30 செ.மீ. நீளத்துக்கு மெழுகுவர்த்தியை இருபுறமும் அழுத்தித் தேய்த்து, முடி உலர்த்தியால் சூடாக்கி நாடாவுக்குள் இறக்குங்கள். நூல்களின் இடைவெளி அடைபட்டால் நீர் ஊறி வராது. பக்கிள் கவ்வும் பகுதியில் மட்டும் மெழுகு படவே கூடாது, பிடி வழுக்கி படகு தளர்ந்துவிடும். மேலோட்டமாக வழியும் நீரை மெழுகு தடுக்காது. அதற்கு, கதவுக்கு உட்புறம் ஸ்ட்ராப்பில் ஒரு பருத்திக் கயிற்றை இறுக்கிக் கட்டி, அதன் முனையைக் கதவுப் பையில் வைத்த போத்தலுக்குள் விட்டால் நீர் அங்கே இறங்கும். பக்கிள் எப்போதும் வெளியே இருக்கட்டும். நைலான் நனைந்தால் நீளும், பாலியஸ்டர் வாங்குங்கள்.

ஸ்ட்ராப் காய்ந்திருந்தும் முன் இடது கால்மிதி மட்டும் ஈரமா? அது மழையாக இருக்காது, ஏர்கான் வடிகுழாய் அடைத்திருக்கும். சன்ரூஃப் உள்ள காரில் அதன் மூலை ஓட்டைகளில் இலைக்குப்பை சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படகை ஏற்றுமுன் கவிழ்த்து, வடிகால் மூடியைத் திறந்து கடல்நீரை முழுதும் வடியவிடுங்கள். கடல்நீர் கம்பளத்தில் இறங்கினால் வெயிலில் காயவைப்பது மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு அதை உறிஞ்சி மீண்டும் கசியும். பினாங்கில் இரவானால் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். நல்ல தண்ணீரில் நனைத்து, ஈர வாக்குவமால் உறிஞ்சி, இதை இன்னொரு முறையும் செய்துவிட்டு, கம்பளத்தைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைத் தனியாகக் காயவையுங்கள்.