நாலு வெண்டைக்காயை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது?

மாடித்தோட்டம் போட்டால் காய்கறிக் கடைப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்கிறவர்களிடம், உங்கள் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேர், அதில் ஒருத்தன் வளருகிற பையன். பாளையங்கோட்டையில் எங்கள் தட்டட்டி, அதாவது மொட்டைமாடி, முழுக்கப் பைகளும் பழைய பெயின்ட் வாளிகளும்தான். துணி காயப்போடவே இடம் தேட வேண்டியிருக்கிறது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போகாமல் முடிவதில்லை. பல்லாரி (பெரிய வெங்காயம்), உருளைக்கிழங்கு, தக்காளி, வாழைக்காய் எல்லாம் அங்கேதான்.

தட்டட்டி கைப்பிடிக் கணக்கில்தான் கொடுக்கும். ஒரு நாள் நாலு வெண்டைக்காய், மறுநாள் மூன்று கத்தரிக்காய், அதற்கடுத்த நாள் ஒரு பிடி சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்). வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், விட்டால் நார்தான். சரி, பொரியலுக்குச் சேரட்டும் என்று ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்தால் அது கடைக்காய் மாதிரி ஆகிவிடும். பிறகு எதற்கு தினம் மாடி ஏறுவது? அதனால் பறித்தது அன்றைக்கே அடுப்புக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

"மூணு கத்தரிக்காயை வச்சி யாரும்மா பொரியல் வைப்பா? கூட்டாஞ்சோறு பொங்கு" என்று வழி சொன்னது அத்தைதான்.

யோசித்துப் பார்த்தால் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு தோட்டக்காரர்கள் சமையல்தான். எந்தக் காயும் நிறைய வேண்டாம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் போதும். கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பை மஞ்சள்தூள் போட்டு அரைவேக்காடாக வேகவிடுவேன். பிறகு ஒரு டம்ளர் அரிசி. அரிசி பாதி வெந்ததும் கத்தரி, சீனியவரை, முருங்கைக்காய், வாழைக்காய், அன்றைக்கு வேறென்ன கிடைத்ததோ அது. மாங்காய் இருந்தால் ரெண்டு துண்டு போட்டு, கரைத்து ஊற்றும் புளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய், சீரகம், மிளகாய் வத்தல், சின்ன வெங்காயம், ரெண்டு பல் பூண்டு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து ஊற்றி, குழைய விட்டு, இறக்கப்போகும் நேரத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரை. கீரை முன்னாலேயே விழுந்தால் நிறம் செத்துவிடும். கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் தெருவுக்கே வாசம் போகும். குக்கரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், காய் எது சோறு எது என்று தெரியாமல் சாப்பிடப் பிரியம் இருந்தால். தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ்வத்தலும்.

வெண்டைக்காயை மட்டும் நான் கூட்டாஞ்சோற்றில் சேர்ப்பதில்லை, வழவழப்பு பிடிக்காது. அதை எண்ணெயில் வதக்கிப் புளிக்குழம்பில் போட்டால் நாலு காய்க்கே குழம்பு களைகட்டிவிடும். ஒரு செடி மிளகாய் காய்த்தால் புளிமிளகாய். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி, கீறின பச்சைமிளகாய் வதக்கி, புளி ஊற்றிச் சுண்டவைத்து, ஒரு துண்டு வெல்லம். ஒரு வாரத்துத் தோசைக்குக் கவலையில்லை.

பீர்க்கங்காய்க்கு வருகிறேன், ஏனென்றால் அது எனக்காகவே படைக்கப்பட்ட கொடி. பள்ளிக்கூட வேலை முடிந்து வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு மேலே போனால், அப்போதுதான் மஞ்சள் மஞ்சளாகப் பூ விரிந்துகொண்டிருக்கும். பூசணி விடியற்காலையில் பூக்கும். பீர்க்கும் சுரையும் சாயங்காலக்காரர்கள். முதலில் கொத்துக் கொத்தாக ஆண்பூதான் வரும். "பூத்துக்கிட்டே இருக்கு, காயைக் காணோம்" என்று புலம்புகிறவர்கள் எல்லாரும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள், கொஞ்சம் பொறுக்கவேண்டும். பெண்பூவுக்கு அடியில் விரல்கடை அளவுக்குப் பிஞ்சு ஒட்டியிருக்கும், பார்த்தாலே தெரியும். அந்த நேரத்தில் தேனீ மாடிவரை வந்தால் வரும், வராவிட்டால் நாம்தான் தேனீ. ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் லேசாகத் தடவிவிட வேண்டும். தடவாத பிஞ்சுகள் பெரும்பாலும் பழுத்து உதிர்ந்துவிடுகின்றன.

ஒரு பீர்க்கங்காயில் ரெண்டு பதார்த்தம். சதை பாசிப்பருப்புக் கூட்டுக்கு. சீவின தோலைத் தூரப் போடாமல் எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்தம்பருப்பு, வத்தல், புளி, தேங்காயோடு அரைத்தால் துவையல். மருந்தடித்த காயின் தோலை அரைக்க எனக்கு மனசு வராது. நம் கொடி என்றால் யோசிக்க வேண்டியதில்லை.

மண்ணைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, அவ்வளவுதான் என்னுடையது. நார்க்கட்டியை ஊறவைத்து ரெண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையில் (கிட்) பை, நார்க்கட்டி, விதையோடு அசோஸ்பைரில்லம் என்கிற நுண்ணுயிர் உரம், வேர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் எல்லாம் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது போதும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி.

எங்கள் ஊரில் பூச்சியைவிடப் பெரிய எதிரி காற்று. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது சரிதான், ஆனால் ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது எங்களுக்கு மழை வராது, காற்று மட்டும் வரும். மேற்கேயிருந்து அடிக்கிற அடியில் அவரைக்கொடி பந்தலோடு சாயும். மேற்கில் சுவர் இருக்கிற மூலையில் நாற்றை வைத்து, காற்று ஓய்ந்த பிறகுதான் வெளியே நகர்த்துகிறேன்.

தக்காளி ஏன் சந்தையில் என்று கேட்கலாம். வீட்டுக்காரருக்கும் எனக்கும் இதில்தான் சண்டை. சித்திரை வைகாசியில் 35 டிகிரிக்கு மேல் போனால் பூவெல்லாம் உதிர்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மழையில் நின்று இலை கருகுகிறது. நடுவில் தை மாசி மட்டும்தான் அதற்கு நல்ல காலம். அதற்காக வருஷம் முழுக்க நாலு பை அடைத்துக்கொண்டு நிற்பானேன்? அந்த நாலு பையில் அரைக்கீரை போட்டால் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். வெந்தயம் மூன்று வாரத்தில் தயார். கொத்தமல்லிக்கு மட்டும் தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி ரெண்டாகப் பிளந்து போடவேண்டும். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ரெண்டு பை அவர் பெயரில் இருக்கிறது.

கறிவேப்பிலை பெரிய வாளியில் நிற்கிறது. புளித்த மோரைத் தண்ணீர் கலந்து அதற்குத்தான் ஊற்றுவேன். நுனியையும் பூவையும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். அப்படிக் கவாத்து செய்த அன்றைக்கு மிளகு வைத்து அரைத்துக் கறிவேப்பிலைக் குழம்பு. இலையில் பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஏதாவது அசைந்தால் பயப்படாதீர்கள், வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். நான் ஒரு கிளையை அதற்கென்று விட்டுவிடுகிறேன். மகன் அதற்குப் பேர் வைக்கிறான்.

மிளகுதக்காளியை, அதாவது மணத்தக்காளியை, நான் விதைத்ததே இல்லை. குருவிகள் போட்டுவிட்டுப் போனதுதான், எந்தப் பையில் முளைக்கும் என்று சொல்லமுடியாது. இலை பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைக்க; பச்சைக்காய் மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயப்போட. முடக்கத்தான் இலையைத் தோசை மாவோடு அரைத்துக்கொள்வேன். தூதுவளை ரசத்துக்கு. சளிக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எனக்கு அந்த லேசான கசப்பு பிடிக்கும், அதற்காகத்தான் வளர்க்கிறேன். நினைத்த நேரத்தில் ஒரு பிடி இதெல்லாம் கடையில் கிடைக்காது.

பிரண்டை இவர்கள் எல்லாரையும்விடச் சமர்த்து. ஒரு கணுவை மண்ணில் செருகினால் போதும், உரம் கேட்காது, ரெண்டு நாள் தண்ணீர் மறந்தாலும் கோபிக்காது. துவையலுக்கு மேலே இருக்கும் இளந்தண்டுதான் வேண்டும், முற்றினது நாராக இருக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை வெட்டி எறிந்து, ஓரத்து நாரை உரிக்கவேண்டும். இல்லாவிட்டால் அரிப்பில் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. நறுக்கின தண்டை நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறும்வரை நிதானமாக வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் நாக்கு அரிக்கும். புளியைத் தாராளமாக வையுங்கள். உளுந்தம்பருப்பு, வத்தல், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய் வறுத்து எல்லாம் சேர்த்து அரைத்தால், சுடுசோறும் நல்லெண்ணெயும் போதும், வேறு குழம்பு வேண்டாம். எங்கள் கொடி இப்போது கைப்பிடிச் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு ஆச்சியின் ஜன்னல் கம்பிவரை போய்விட்டது, அந்தப் பக்கத்து மகசூல் அவர்களுக்கு. கணு வேண்டுகிறவர்கள் பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயை நீங்கள்தான் கொண்டுவரவேண்டும்.