டேட்டாபேஸை மாற்றிய பிறகு ரசீது வரத் தாமதம்: எப்படிச் சரிசெய்தோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் ஒரு நிலையத்தின் கணினி வேலைகளை நான் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 11ஆம் பதிப்புக்கு 2023 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டதால் 15க்குப் போக முடிவானது. மென்பொருளை விற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை லாரி எடைமேடையில் ஏறி நிற்கிறது, எடை விழுந்துவிட்டது, ரசீது மட்டும் வரவில்லை. “தம்பி, லாரி ரோட்டு வரைக்கும் நிக்குது” என்று கிராணி அண்ணன் போன் போட்டார்.

முதலாளி பழைய பதிப்புக்கே திரும்பச் சொன்னார். விற்றவர்கள் பெரிய சர்வர் வாங்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. திரும்பினால் காலையிலிருந்து போட்ட எடையெல்லாம் மறுபடி கையால் ஏற்ற வேண்டும். அது சிறுதோட்டக்காரர்களின் பணம், ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது. சர்வரோ சனிக்கிழமை வரை இதே வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

ரசீதுக்காக டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு, அதாவது வினவலுக்கு, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்த்தேன். வினவல் எந்தத் திட்டப்படி ஓடுகிறது என்று அது காட்டும். சில வரிகள்தான் வரும் என்று டேட்டாபேஸ் கணித்த இடத்தில் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கணிப்பை நம்பி, ஒவ்வொரு வரிக்கும் அடுத்த அட்டவணையை மறுபடி தேடும் நெஸ்டட் லூப்பில் இறங்கிச் சுற்றிக்கொண்டே இருந்தது. கணிப்புக்குத் தேவையான புள்ளிவிவரத்தை எடுப்பது அனலைஸ் கட்டளை. அட்டவணைகள் கடைசியாக எப்போது அனலைஸ் ஆகின என்று பார்த்தால், பழைய வருடக் கணக்குகளுக்கு அந்தக் கட்டமே காலி. பதிப்பை மாற்றும் கருவியான பி.ஜி. அப்கிரேட் தரவை அப்படியே கொண்டுவரும். ஆனால் 18க்கு முந்தைய பதிப்புகளில் புள்ளிவிவரத்தைக் கொண்டுவராது. தானாக ஓடும் அனலைஸோ, அட்டவணையில் போதிய மாற்றம் நடந்தால்தான் ஓடும். பழைய கணக்கில் யார் கைவைக்கிறார்கள்? ஆனால் ரசீதில் முன்பணப் பாக்கி காட்ட அதையும் படித்தாக வேண்டும்.

புள்ளிவிவரத்தைப் படிப்படியாக எடுக்க, வேக்கியூம்டிபி கட்டளையோடு அனலைஸ்-இன்-ஸ்டேஜஸ் சேர்த்து ஓட்டினேன். தோராயமான புள்ளிவிவரம் முதலில் சீக்கிரம் வந்துவிடும், நுணுக்கமானது அப்புறம் வரும். லாரிகள் காத்திருக்கும்போது இதுதான் தோது. மதியச் சாப்பாட்டுக்குள் ரசீது பழையபடி வந்தது.

மாதக் கடைசிப் பட்டுவாடா அறிக்கை மட்டும் இன்னும் இழுத்தது. அதற்குக் காரணம் வேறு. ஒரே இடத்தில் பயன்படும் வித் பகுதியை, அதாவது வினவலுக்குள் பெயரிட்டு எழுதும் துணை வினவலை, தனியாகக் கணக்கிட்டு வைக்காமல், 12ஆம் பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் அதை முதன்மை வினவலோடு கலந்துவிடுகிறது. தனியாகவே கணக்கிடச் சொல்லும் மெட்டீரியலைஸ்டு என்ற சொல்லைச் சேர்த்ததும் சரியானது. நினைவகத்தைக் கூட்டு, வினவலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட்டை நிறுத்து என்று ஆளுக்கொரு யோசனை வந்தது, எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது பலன் தந்தது என்றே தெரிந்திருக்காது.

அடுத்த தடவை, முக்கியமான வினவல்களின் திட்டத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்போகிறோம். 18க்குப் போனால் புள்ளிவிவரமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். ஆனாலும் எடைமேடையைத் திறக்கும் முன் அனலைஸ் ஓட்டுவதை வேலைப் பட்டியலிலிருந்து எடுக்க நான் சம்மதிக்கவில்லை.