அம்மாவின் பத்து இலட்சமும் மூன்று பிள்ளைகளும்

உதவி கேட்டுப் போகிறவர்களைத்தான் அலுவலகங்கள் அலைக்கழிக்கும் என்று நினைத்திருந்தேன். கொடுக்கப் போனவளுக்கும் அதே வாங்கில்தான் இடம் கிடைத்தது.

அம்மா கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் படிப்பித்தவர். 2022 கடைசியில் காலமானார். அவருடைய சேமிப்பில் ஆறு இலட்சம் மிஞ்சியிருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி நான்கு இலட்சம் போடுவதாகச் சொன்னான். வழமைபோலத் திவசத்துக்கு முதியோர் இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு கொடுத்துவிட்டு நிறுத்தாமல், அம்மா படிப்பித்த பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரை உயர்தரம் முடியும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். சொந்தமாக நம்பிக்கைப் பொறுப்பு (ட்ரஸ்ட்) ஒன்றைப் பதிந்து, வருடா வருடம் கணக்காய்வு செய்விக்க எங்களுக்கு வலு இல்லை. அதனால் கொழும்பில் இயங்கும் ஒரு சமூக அறக்கட்டளையிடம் போனோம். பல குடும்பங்களின் சிறு நிதியங்களை ஒரே கூரையின் கீழ் வைத்து, போட்ட முதல் தொகையைத் தொடாமல் அதன் வட்டியில் உதவி செய்வது அவர்களின் முறை. நிதியத்துக்கு அம்மாவின் பெயரையே வைக்கலாம்.

முதல் இரண்டு மாதமும் கடதாசிகளோடு போயின. அங்கிருந்த எழுதுவினைஞர் எது எது தேவை என்று ஒருநாளும் ஒரேயடியாகச் சொன்னதில்லை. ஒரு தடவை போனால் அடையாள அட்டைப் பிரதி. அடுத்த தடவை அம்மாவின் மரணச் சான்றிதழ். அதற்கடுத்த தடவை பணம் எப்படி வந்தது என்பதற்கு வங்கிக் கூற்று. வெள்ளவத்தையிலிருந்து 101 பஸ்ஸில் நின்றுகொண்டே போய், இரண்டு நிமிடம் பேசிவிட்டு, நின்றுகொண்டே திரும்பி வந்தேன். நான்காவது தடவை ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "தேவையானவை எல்லாவற்றையும் இதில் எழுதித் தாருங்கள்" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதித் தந்தார். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று நாள் விடுமுறை மிஞ்சியிருக்கும்.

தம்பியின் பணத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. அவன் அதை என் கணக்குக்கு அனுப்பி, நோக்கம் என்ற இடத்தில் 'தர்மம்' என்று எழுதிவிட்டான். யாருக்குத் தர்மம், அந்த நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று வங்கி என்னைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அறக்கட்டளையின் கணக்குக்கே நேராக அனுப்பி, ஒரு கடிதத்தையும் இணைத்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் வந்திராது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2023 பெப்ரவரியில். பதினொரு பக்கம், முழுவதும் ஆங்கிலம். "எல்லாருக்கும் உள்ள வாசகங்கள்தான், மிஸ்" என்றார் எழுதுவினைஞர். நானும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சோம்பலுக்கான விலையைக் கீழே சொல்கிறேன்.

வரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். நன்கொடைப் பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது என் கணக்காளர் சிரித்தார். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் நன்கொடைக்குக் கழிவு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தர்ம நிறுவனங்களைப் பொறுத்தவரை, நோயாளிகளையோ வறியவர்களையோ நிறுவனத்தில் வைத்துப் பராமரிக்கும், அங்கீகாரம் பெற்றவற்றுக்குக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். அதிலும் தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். எங்கள் புலமைப்பரிசில் இதில் எங்கும் அடங்காது. வரிக்காகக் கொடுக்கவில்லை என்றாலும், அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுட்டது.

பிள்ளைகளைப் பாடசாலை மூலம் தெரிவு செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூவரில் ஒருத்தியின் தாயார் புறக்கோட்டையில் நாட்கூலிக்கு வேலை செய்பவர், ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். வருமானச் சான்றிதழை நானே எடுத்துத் தருகிறேன் என்று பெருந்தன்மையாக முன்வந்தேன். நான் வெள்ளவத்தைக்காரி, எங்கள் அலுவல் எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில்தான். பழக்கதோஷத்தில் அங்கே போய் வரிசையில் நின்றேன். கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்துக்கு உரியது என்று அங்கிருந்த ஒரு தங்கச்சி பொறுமையாக விளக்கினார். அதோடு, முதலில் கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டும், அதன் பிறகுதான் செயலகத்தின் மேலொப்பம். கிராம உத்தியோகத்தரைத் தேடிப் போனால் அவர் வெளிக்களத்துக்குப் போயிருந்தார். மறுமுறை கண்டபோது, "நீங்கள் யார் அம்மா? அந்தப் பிள்ளையின் தாயார் வரட்டும்" என்றார். அவர் சொன்னது சரிதான். கடைசியில் அந்தத் தாயார் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் சான்றிதழ் எடுத்தார். என் பெருந்தன்மையால் அவருக்குக் கிடைத்தது இரண்டு வாரத் தாமதம் மட்டும்.

எனக்கு இன்றும் ஆறாத விடயம் அடுத்தது. மாதம் ஒரு பிள்ளைக்கு 4,500 ரூபாய். முதல் மூன்று மாதத்துக்கான 13,500 ரூபாயையும் ஒரேயடியாகப் பிள்ளைகளின் கணக்குகளில் போட்டுவிட்டோம் என்று அறக்கட்டளை அறிவித்தது. சந்தோஷப்பட்டேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தயங்கித் தயங்கித் தொலைபேசியில், "அன்ரி, காசு வந்திருக்கிறது, ஆனால் எடுக்க முடியாதாம்" என்றாள். பிறந்தபோது பெற்றோர் திறந்து வைத்த சிறுவர் சேமிப்புக் கணக்கு அது. 18 வயது நிறையும்வரை பணத்தை உள்ளே போடலாம், வெளியே எடுக்க முடியாது. டியூசன் காசு கட்டாததால் இரசாயனவியல் வகுப்புக்கு மூன்று வாரமாக அவள் போகவில்லை.

அறக்கட்டளையைக் கேட்டேன். "படிவத்தில் கொடுத்த கணக்குக்குத்தான் போட்டோம்" என்றார்கள். படிவத்தைப் பார்த்தேன். 'மாணவரின் வங்கிக் கணக்கு' என்றுதான் அச்சடித்திருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை வேறு எந்தக் கணக்கைக் கொடுப்பாள்? அதிபரின் கடிதத்தோடும் தாயாரோடும் வங்கி முகாமையாளரைப் போய்ப் பார்த்தோம். படிப்புச் செலவு என்பதால் தலைமையகத்தில் அனுமதி கேட்டு விடுவித்துத் தந்தார். அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும். மற்ற இரண்டு பிள்ளைகளின் பணமும் அதேபோலப் பூட்டிக் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை.

2024 பெப்ரவரியில், எங்கள் பத்து இலட்சத்தை அறக்கட்டளை போட்டிருந்த ஒரு வருட நிலையான வைப்பு முதிர்ந்தது. நாங்கள் பணம் போட்ட காலத்தில் ஒரு வருட வைப்புக்கு வட்டி 20 வீதத்தைத் தொட்டிருந்தது, நெருக்கடிக் காலத்தின் வட்டி. பத்து இலட்சத்துக்கு இரண்டு இலட்சம். 5 வீத வரியும் அறக்கட்டளையின் நிர்வாகச் செலவும் போக 1,71,000 மிஞ்சியது. மூன்று பிள்ளைகளுக்கு 1,62,000 போதும். கணக்கு அழகாக இருந்தது. அந்த வட்டி நிலைத்து நிற்கும் என்று நம்பியது எங்கள் மடமை. புதுப்பித்தபோது கிடைத்தது எட்டரை வீதம். கழிவுகள் போக 72,675 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 54,000 கொடுத்தால் இரண்டாவது பிள்ளைக்கு நான்கு மாதத்துக்குத்தான் வரும்.

"இந்த ஆண்டு ஒரு மாணவிக்கு மட்டும் உதவி தொடரும்" என்று கடிதம் வந்தது. பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில் இரண்டு பேரைக் கைவிடுவதா? முதல் தொகையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தை விரித்துக் காட்டினார்கள். முதலைத் தொட முடியாது. யாருக்கு எவ்வளவு என்பதை அறங்காவலர் சபை முடிவு செய்யும், நாங்கள் ஆலோசனை மட்டும் சொல்லலாம். கொடுத்த அன்றே பணம் எங்களுடையது அல்லாமல் போய்விட்டது. சட்டப்படி அதில் பிழை இல்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்.

தம்பியும் நானும் அந்த வருடப் பற்றாக்குறையைக் கையிலிருந்து போட்டோம். ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. சபைக்குக் கடிதம் எழுதி, நேரில் போய், திருத்தம் ஒன்றைக் கேட்டேன். தெரிவான பிள்ளை உயர்தரம் முடிக்கும்வரை உதவி நிறுத்தப்படாது. வட்டி போதாத வருடத்தில் முதல் தொகையிலிருந்து ஐந்து வீதம்வரை எடுக்கலாம். இரண்டு கூட்டம் தள்ளிப் போட்டார்கள், மூன்றாவதில் ஒத்துக்கொண்டார்கள். அரைப்பக்கத் திருத்தம், இந்தத் தடவை தமிழிலும் ஒரு பிரதி. எழுதுவினைஞரே கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு சொல்லாக வாசித்து முடிக்கும்வரை அவரை நிற்க வைத்தேன். கொஞ்சம் அற்பத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

2025 ஏப்ரலிலிருந்து வட்டிக்கான வரி 10 வீதமாகிவிட்டது. இப்படி நிதியம் தொடங்க நினைப்பவர்கள் இன்றைய வட்டியைப் பாதியாக்கி, அதில் எத்தனை பிள்ளைகளைத் தாங்கலாம் என்று பாருங்கள்.

மூவரும் பரீட்சை எழுதி முடித்துவிட்டார்கள். அடுத்த பிள்ளையின் விண்ணப்பப் படிவம் போன கிழமை வந்தது. பெயரைப் பார்க்க முதல் வங்கிக் கணக்கு என்ற இடத்தைத்தான் பார்த்தேன். தாயாரின் கணக்கு.