இரண்டு ஊர்ச் சொதி

திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சிக்கு வாழ வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மட்டும் ஓடும். இங்கே வந்த முதல் பங்குனியில், அந்த வெயிலிலும் தாமிரபரணி ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பொதிகை மலைக்கு இரண்டு பருவமழையும் கிடைப்பதால் வற்றுவதில்லை என்றார் மாமனார்.

போன ஞாயிறு நானும் மாமியும் கன்னடியன் கால்வாய்க் கரையோடு நடந்தோம். இந்த ஊர் வழக்கப்படி 'அத்தை' என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு மாமி என்றே வருகிறது, அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். பிசானப் பருவத்து நெல் நடவு நேரம். வரப்பில் சேறு வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றிலிருந்து வரும் தண்ணீர் இது. வீரவநல்லூர், சேரன்மகாதேவி வயல்களுக்கெல்லாம் இதுதான் பாய்கிறது. மாமி ஒரு மதகின் மேல் உட்கார்ந்து ஆறு இருக்கும் பக்கம் கை காட்டினார். "அந்தத் தண்ணி கடைசியில புன்னைக்காயல்ல கடலுக்குப் போவுது. கடலுக்கு அங்கிட்டு உங்க ஊருதானம்மா?" யாழ்ப்பாணம் அதற்கும் நெடுந்தூரம் வடக்கே இருக்கிறது. ஆனாலும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்லத்தான் அப்போது மனம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி சொதிக்கு, அதாவது தேங்காய்ப்பால் குழம்புக்கு, தேங்காய் துருவினார். கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டு விருந்தில்தான் இந்தச் சொதியை முதலில் பார்த்தேன். எங்கள் சொதி வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு நீராக வைப்பது. இது அப்படியில்லை. மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட் எல்லாம் வேகும். வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதும் சேரும். கடைசியில் முதல் பால். அதை ஊற்றினால் கொதிக்க விடக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே மாமி இறக்கிவிடுகிறார். எலுமிச்சை பிழிவது சூடு தணிந்த பிறகுதான். தேங்காய்ப்பால் செரிக்க வேண்டுமே, அதனால் பக்கத்தில் கட்டாயம் இஞ்சிப் பச்சடி. சோற்றில் ஊற்றிப் பிசைந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். நடந்த பசி.

ராத்திரி இடியாப்பம் அவித்து எங்கள் சொதி வைத்தேன். மாமி இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

"இதுக்கு இஞ்சிப் பச்சடியே வேண்டாம் போல," என்றார்.