என் கணினிக்குள் 11 நாள் இருந்த ஒற்றன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பினாங்கு லெபோ பாசாரில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “என்னம்மா, வங்கிக் கணக்கை மாற்றிவிட்டாயா? ஆண்டுக் கட்டணத்தைப் புதிய எண்ணில் போடச் சொல்லி எழுதியிருக்கிறாய். எண்ணைத் தட்டினால் வேறு யாரோ ஒருவர் பெயர் வருகிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.”

நான் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆனால் அவர் அனுப்பிவைத்த படத்தில் என் மின்னஞ்சல் முகவரி, என் கையொப்ப வரிகள், நான் வழக்கமாக எழுதும் ‘மதிப்புக்குரிய ஐயா’ எல்லாம் அப்படியே இருந்தன. கணக்கு எண் மட்டும்தான் என்னுடையது அல்ல.

என் அஞ்சல் பெட்டியில் ‘அனுப்பியவை’ பகுதியில் அந்தக் கடிதம் இல்லை. அமைப்புகளுக்குள் துழாவியபோது நான் போடாத ஒரு விதி கண்ணில் பட்டது. ‘கட்டணம்’, ‘கணக்கு எண்’ என்ற சொற்களோடு வரும் எந்தக் கடிதத்தையும், யாரும் திறந்து பார்க்காத ஆர்எஸ்எஸ் கோப்புறைக்குள் தள்ளிவிடு என்பது அந்த விதி. யாராவது சந்தேகப்பட்டுப் பதில் எழுதினாலும் அது என் கண்ணில் படக்கூடாது என்று செய்த ஏற்பாடு. அந்தக் கோப்புறைக்குள் ஒரு பதில் கிடந்தது. தண்ணீர்மலைப் பக்கம் மளிகைக் கடை நடத்தும் அண்ணன் முந்தைய நாள் மாலை எழுதியது: “1,800 ரிங்கிட் போட்டுவிட்டேன் தங்கச்சி, ரசீது அனுப்பு.”

நான் 14 சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதலாளிகளின் ஐசி (அடையாள அட்டை) நகல்கள், வேலையாட்களின் சம்பளப் பட்டியல், சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிப் பங்களிப்பு விவரங்கள், வருமான வரிப் படிவங்கள் எல்லாம் அந்த ஒரு மடிக்கணினியில்தான். அந்தக் காலையில் என் கை நடுங்கியதற்கு 1,800 ரிங்கிட் மட்டும் காரணமல்ல.

மளிகைக் கடை அண்ணனை அழைத்து, உடனே அவருடைய வங்கிக்கும் 997 எண்ணுக்கும் பேசச் சொன்னேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. வாடகைக்குக் கொடுக்கப்பட்ட கணக்குகள் வழியே அடுத்தடுத்துக் கைமாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குத்தான் அதைத் தடுத்து நிறுத்த வழி இருக்கிறது. எங்களுக்கு ஓர் இரவு கடந்துவிட்டிருந்தது. பிற்பகலில் இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தோம்.

அடுத்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் என் அக்கா மகனை அழைத்தேன். அவன் சொன்ன முதல் வார்த்தை: “சித்தி, வைஃபையைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் இனி ஒரு கடவுச்சொல்லைக்கூடத் தட்டாதீர்கள்.” அதற்குள் பதற்றத்தில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அதே கணினியிலிருந்தே மாற்றியிருந்தேன். புதிய சாவியைச் செய்து அதையும் திருடனிடமே கொடுத்ததற்குச் சமம் அது. இந்த இடத்தில் தடுமாறுபவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: ஒற்றன் வேலை பார்க்கும் திருட்டு நிரல் உட்கார்ந்திருக்கும் கணினியில் செய்யும் எந்த மாற்றமும் மாற்றமே அல்ல.

அந்த ஒற்றன் எப்படி உள்ளே வந்தது என்பதை மாலையில் அவன் வந்து தேடிக் கண்டுபிடித்தான். 11 நாட்களுக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய, விற்பனை ரசீதுகளை வரித்துறைக்கு இணையத்தில் அனுப்பும் மின் இன்வாய்ஸ் முறை படிப்படியாகச் சிறிய நிறுவனங்களை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். நாள்தோறும் யாராவது அதைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, ‘உங்கள் வாடிக்கையாளரின் மின் இன்வாய்ஸ் நிராகரிக்கப்பட்டது, இணைப்பைப் பாருங்கள்’ என்று மலாயில் ஒரு கடிதம். இணைப்பு, ஜிப் என்ற சுருக்கக் கோப்பு. உள்ளே பிடிஎஃப் சின்னத்தோடு ஓர் ஆவணம் இருந்தது. அது ஆவணம் அல்ல, நிரல். கோப்புப் பெயரின் கடைசித் துண்டை, அது பழக்கப்பட்ட வகையாக இருந்தால், விண்டோஸ் இயல்பாகக் காட்டுவதில்லை. ஆகவே ‘இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ’ என்ற பெயர் என் திரையில் ‘இன்வாய்ஸ் டாட் பிடிஎஃப்’ என்று நின்றது. சின்னத்தை எந்த நிரலும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். திறந்தேன். மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று கணினி கேட்டது. ‘ஆம்’ என்று அழுத்தினேன். எதுவும் திறக்கவில்லை. கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன்.

வைரஸ் தானாகப் பரவும். என் கணினிக்குள் வந்தது ட்ரோஜன்; அது அப்படிப் பரவுவதில்லை, நாமே திறந்துவிட வேண்டும். கிரேக்கர்கள் விட்டுச்சென்ற மரக்குதிரையை டிராய் நகரத்தார் தாங்களே உள்ளே இழுத்துக்கொண்ட கதையிலிருந்து வந்த பெயர் அது. அந்த ‘ஆம்’ கொடுத்த அதிகாரத்தை வைத்து அது செய்த முதல் வேலை, கணினியின் பாதுகாப்பு மென்பொருளிடம் ‘இந்தக் கோப்புறையைச் சோதிக்க வேண்டாம்’ என்று ஒரு விலக்கை எழுதிவைத்தது. பிறகு ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் தன்னைப் பிரதியெடுத்துக்கொண்டு, கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் எழும்படி, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தது.

பின்னர் சோதனையில் அதன் பெயர் தெரிந்தது: ஏஜென்ட் டெஸ்லா வகை. 2014 முதல் உலவும் குடும்பம். இதை எழுதியவர் வேறு, பயன்படுத்துபவர்கள் வேறு. கட்டணம் செலுத்தினால் யாருக்கும் கிடைக்கும் பொருளாக அது விற்கப்பட்டது. தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிகிறது, திரையைப் படம் பிடிக்கிறது, நகலெடுத்து வைப்பவற்றை வாசிக்கிறது. உலாவியில் நான் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போகிறது. உலாவி அவற்றைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி என் விண்டோஸ் கணக்கோடு பிணைந்தது. என் பெயரில் ஓடும் நிரலுக்கும் அதே சாவி கிடைத்துவிடுகிறது. திரட்டியதைச் சாதாரண மின்னஞ்சலாகவே திருடனுக்கு அனுப்பிவிட அதற்குத் தெரியும். நாள் முழுவதும் அஞ்சல் போய்க்கொண்டிருக்கும் என் கணினியில் அது தனித்துத் தெரிய வழியே இல்லை. கணினி மெதுவாகவும் இல்லை, விசித்திரமான அறிவிப்புகளும் வரவில்லை. ஒற்றனுக்கு அடையாளம் இருக்கும் என்று காத்திருப்பது வீண் என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

நீக்கும் வேலை அன்றிரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. தன் கணினியில் இறக்கிய கருவிகளை அவன் ஒரு யூஎஸ்பியில் கொண்டுவந்திருந்தான். முதலில் அந்த விலக்கை எடுத்தோம். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் செய்து பாதுகாப்புப் பயன்முறைக்குப் போனோம். அங்கே விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானவற்றை மட்டும்தான் எழுப்பும். பிறகு மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி. கணினி தொடங்கும்போது தானாக ஓடும் எல்லாவற்றையும் அது ஒரே பட்டியலாகக் காட்டுகிறது. வெளியீட்டாளர் பெயர் இல்லாமல், ஆப்டேட்டாவிலிருந்து எழும் ஒரு வரி அதில் இருந்தது. நீக்கினோம். கோப்பையும் அழித்தோம்.

மறுபடி தொடங்கிப் பார்த்தால், அதே கோப்பு அதே இடத்தில் இருந்தது.

இணையமும் இல்லை, எங்கிருந்து வந்தது? திட்டமிட்ட பணிகளின் பட்டியலில், ஏதோ ஒரு புதுப்பிப்பின் பெயரைப் போட்டுக்கொண்டு ஸ்கிரிப்ட் என்ற ஒரு சிறு கட்டளைக் கோப்பு பதுங்கியிருந்தது. வேறோர் இடத்தில் வைத்திருந்த பிரதியை எடுத்து அதுதான் மீண்டும் நட்டிருக்கிறது. பட்டியலின் அந்தப் பகுதியை நாங்கள் அவசரத்தில் கடந்துவிட்டிருந்தோம். இரண்டாவது முறை பணி, ஸ்கிரிப்ட், பிரதி, பதிவேட்டு வரி என்று வேரோடு பிடுங்கிய பிறகு, விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டினோம். அது விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடுவதால் ஒளிந்துகொள்ள இடம் குறைவு; கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்து மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் என்ற சோதனைக் கருவி. இறக்கியதிலிருந்து 10 நாள்தான் அது செல்லும், ஆகவே பழைய பிரதியை வைத்துக்கொண்டு பயனில்லை. இரண்டும் சுத்தம் என்றன.

மணி ஒன்று. அவன் எழுந்திருக்கவில்லை. “சித்தி, இனி எதுவும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. உங்கள் சொந்தப் படங்கள் மட்டும் இருக்கும் கணினி என்றால் விட்டுவிடலாம். இதில் மற்றவர்களுடைய ஆவணங்கள் இருக்கின்றன.” அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டதுதான் அந்த வாரத்தில் நான் எடுத்த சரியான முடிவு. ஆவணங்களையும் கணக்குத் தாள்களையும் மட்டும் வெளி வட்டுக்கு எடுத்தோம்; நிரல் வகைக் கோப்பு ஒன்றையும் எடுக்கவில்லை. அவனுடைய கணினியில் தயாரித்த யூஎஸ்பியிலிருந்து, பழைய வட்டை முழுவதும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினோம்.

கணினி ஓர் இரவில் சுத்தமாயிற்று. அது கொண்டுபோன சாவிகளை மாற்றத்தான் ஒன்பது நாள் ஆனது. மின்னஞ்சலில் தொடங்கினேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ கடிதமும் அங்கேதான் வரும். திருட்டு விதியை நீக்கினேன். வேறு முகவரிக்குக் கடிதங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றனவா, மீட்புத் தொலைபேசி எண் என்னுடையதுதானா என்று பார்த்தேன். கடவுச்சொல்லை மாற்றியதோடு ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்தினேன். நாம் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்பதற்கு உலாவி வைத்திருக்கும் குக்கீ என்ற அடையாளச் சீட்டையும் இந்த வகை ஒற்றன்கள் எடுத்துப்போகும். அந்தச் சீட்டு செல்லும் வரை சில தளங்களில் கடவுச்சொல்லே தேவைப்படாது. வங்கிக்கு, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் பேசி இணையச் சேவையை முடக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். பிறகு வரி, சேமநிதி, சொக்சோ தளங்கள் ஒவ்வொன்றாக. கணினிப் பாதுகாப்புப் புகார்களைப் பெறும் சைபர்999 உதவி மையத்துக்கும் அந்த மின்னஞ்சலோடு புகார் அனுப்பினேன்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது 14 கடைகளுக்கும் நேரில் போனது. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் அக்கா சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் என்னை நம்பிக் கொடுத்த தாள்கள். உங்கள் ஐசி நகல், வேலையாட்களின் விவரம் எல்லாம் யாரோ ஒருவன் கைக்குப் போயிருக்கலாம் என்று ஒவ்வொருவரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். இரண்டு பேர் தங்கள் கோப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மற்றவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: என் பெயரில் புதிய கணக்கு எண் எப்போது வந்தாலும், என் குரலைக் கேட்காமல் ஒரு காசு போடாதீர்கள், போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைத் தட்டி, அதன்மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மளிகைக் கடை அண்ணனின் பணம் இதுவரை திரும்பவில்லை. அவருக்கு நான் மாதம் 300 ரிங்கிட் கொடுத்துவருகிறேன். வேண்டாம் என்று முதல் மாதம் கையைத் தள்ளினார். கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

லெபோ குயின் மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மா, “என் ஐசி எண்ணை வைத்து என்ன செய்துவிடுவான்?” என்று கேட்டார். உங்கள் பெயரில் கடன் கேட்கலாம், இன்னொருவரை ஏமாற்ற உங்கள் பெயரைப் பயன்படுத்தலாம் என்றேன். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் விவர அறிக்கையில், ஒருவர் பெயரில் வங்கிக் கடன் எதுவும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க முடியும். கட்டணம் கிடையாது. கூடை பக்கத்தில் உட்கார்ந்து அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மகனின் மோட்டார் சைக்கிளுக்கு அவர் வாங்கிய கடன் மட்டும்தான் அதில் இருந்தது. அடுத்த மாதமும் வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.