பார்க் ஸ்கீ வாங்கப் போகிறீர்களா? உயரத்தை மட்டும் சொல்லாதீர்கள்

அக்டோபர் வந்தால் போதும், சொந்தக்காரப் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும்: "அண்ணை, நான் 172 சென்டிமீட்டர், எந்த நீளத்தில் ஸ்கீ வாங்கட்டும்?" பாடசாலை ஸ்கீ (பனிச்சறுக்கு) முகாமில் வாடகை ஸ்கீயோடு பழகி, பிறகு சுவிஸ் மலையூரான லாக்ஸில் பார்க் பக்கம் (கம்பி, பெட்டி, பாய்ச்சல் மேடு எல்லாம் பனியில் கட்டிவைத்திருக்கிற இடம்) எட்டிப் பார்த்து, பின்பக்கமாகவே வழுக்கி வந்து கம்பியில் ஏறுகிறவர்களைக் கண்டு மயங்கிப்போன பெடியன்களும் பெட்டைகளும். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து என்ன சொல்வது? எத்தனை கிலோ, பார்க்கில் அதிக நேரம் கம்பியிலா பாய்ச்சலிலா, பார்க்கை விட்டு வெளியே எவ்வளவு ஓடுவாய், இந்த மூன்றும் தெரிய வேண்டும். இவற்றைக் கேட்காமல் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து நீளம் சொல்லுகிற கடையிலிருந்து மெதுவாக வெளியே வந்துவிடலாம்.

பார்க் ஸ்கீயில் முன்முனை போலவே பின்முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்பக்கமாக ஓடவும், பின்பக்கமாக வந்து தரையிறங்கவும் அதுதான் வழிவிடுகிறது. 1998-இல் சலமோன் நிறுவனத்தின் டென்எய்ட்டி ஸ்கீ வந்தபோதுதான் இது பரவலானது, ஸ்கீ வீரர் மைக் டக்ளஸும் அவரோடு இருந்த கனடாப் பெடியன்களும் அதற்குப் பின்னால் நின்றார்கள். இப்போது சாதாரண ஸ்கீக்கே பின்முனை கொஞ்சம் தூக்கித்தான் இருக்கிறது, அதனால் வளைவை மட்டும் பார்த்து இது பார்க்குக்கு ஆகும் என்று முடிவெடுக்க முடியாது.

முதலில் விறைப்பைப் பாருங்கள். ஸ்கீயின் பின்முனையைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் முன்முனையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நடுப்பகுதியைத் தள்ளுங்கள், எங்கே வளைகிறது எங்கே முரண்டு பிடிக்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். கம்பி, பெட்டி, சமதரையில் முனையை அழுத்திச் சுற்றுகிற விளையாட்டு, இவைதான் பிடிக்கும் என்றால் இரண்டு முனைகளும் இளகி இருப்பது நல்லது. பெரிய பாய்ச்சல்தான் ஆசை என்றால் அப்படிப்பட்ட ஸ்கீ காலை வாரிவிடும்: தரையிறங்கும்போது உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் பின்முனை மடங்கிக்கொடுக்கும், நீங்கள் இருந்த இடத்தில் குந்திவிடுவீர்கள். எடை இங்கேதான் வருகிறது. 172 சென்டிமீட்டர் உயரத்தில் 55 கிலோ ஆளும் இருக்கிறார், 85 கிலோ ஆளும் இருக்கிறார். முதலாமவருக்கு நடுத்தரமாகத் தெரிகிற ஸ்கீ இரண்டாமவருக்கு நூடில்ஸ்தான். லாக்ஸுக்குப் பக்கத்து பிளிம்ஸ்காரர் அண்ட்ரி ரகெட்லி 2021-இல் ஸ்லோப்ஸ்டைலில் (கம்பியும் பாய்ச்சலும் கலந்த போட்டி) உலக சாம்பியன் ஆனவர், அவர் காலில் என்ன இருக்கிறதோ அதுவேதான் எனக்கும் வேண்டும் என்று ஒருத்தர் அடம்பிடித்தார். அந்த ஆள் 20 மீட்டருக்கு மேல் பறந்துபோய் இறங்குகிறவர், தம்பி. நீ இன்னும் சின்னப் பெட்டியில் நேராக நிற்கத்தான் பழகுகிறாய்.

சரி, நீளம். நெற்றியிலிருந்து உச்சந்தலை வரை என்பது பார்க்குக்குப் பொதுவான கணக்கு. 172 உயரமும் 65 கிலோவும் என்றால், எல்லாவற்றையும் கலந்து ஓடுகிறவருக்கு 168 முதல் 172 வரை சொல்லுவேன்; கம்பியிலேயே கிடக்கிறவர் 164 பக்கம் போகலாம்; பாய்ச்சலும் ஹாஃப்பைப்பும் (இரண்டு பக்கமும் பனிச்சுவர் எழும்புகிற அரைக்குழாய்) என்றால் 175 பக்கம். லாக்ஸில் இருக்கிற பெரிய பைப் 200 மீட்டர் நீளம், சுவர் 6.9 மீட்டர் உயரம். இறுகிய சுவரில் ஏறும்போது விளிம்பு நீளமாகப் பிடிக்க வேண்டும், கட்டை ஸ்கீயோடு போனால் சுவரைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடும். நீங்கள் எடை கூடியவர் என்றால் ஒரு அளவு மேலே போங்கள். இன்னொன்று, இரண்டு முனையும் வளைந்திருப்பதால் எழுதியிருக்கிற நீளம் முழுவதும் பனியைத் தொடாது. போதாததற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது, ஒன்றின் 170 இன்னொன்றின் 172-ஆக இருக்கும். ஒன்று இரண்டு சென்டிமீட்டருக்காக இரவிரவாக யோசிக்காதீர்கள்.

நீளத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், பைண்டிங்கை (சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பூட்டு) எங்கே பூட்டுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம். சாதாரண ஸ்கீயில் பைண்டிங் ஸ்கீயின் சரி நடுவிலிருந்து 8, 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும், முன்னால் நிறைய நீளம் கிடைப்பதால் வேகமாக ஓடும்போது நிதானமாக இருக்கும். பார்க்கில் நடுவுக்குக் கிட்ட வர வேண்டும், 0 முதல் 3, 4 சென்டிமீட்டர் பின்னால் வரைக்கும். அப்போதுதான் காற்றில் சுற்றும்போது முன்பாரமும் பின்பாரமும் ஒத்துப்போகும், பின்பக்கமாக இறங்கினாலும் முன்பக்கமாக இறங்கினாலும் காலுக்கு ஏறக்குறைய ஒரே உணர்வுதான். சரி நடுவிலேயே பூட்டினால் என்ன நட்டம் என்றால், முன்னால் நீளம் குறைந்து ஸ்கீ கட்டையாகத் தெரியும், ஆழமான புதுப் பனியில் முன்முனை உள்ளே போய்ப் புதையும். அதனால்தான் முதலில் பூட்டும் இடத்தைத் தீர்மானித்துவிட்டு அப்புறம் நீளத்துக்கு வாருங்கள் என்கிறேன்: நடுவில் பூட்டுகிறவர் கொஞ்சம் நீளமாக எடுத்தாலும் தாங்கும். பாதி நாள் பார்க், பாதி நாள் மலை என்றால் 3 பின்னால் நல்ல சமாதானம். பல ஸ்கீகளில் மேலேயே இரண்டு மூன்று கோடுகள் அச்சடித்திருக்கும், எந்தக் கோடு என்று நீங்கள் சொல்லாவிட்டால் கடையில் வழக்கமான கோட்டில் துளை போட்டுவிடுவார்கள். போட்ட துளைக்கு ஒட்டியே இன்னொரு துளை போட முடியாது, ஆகவே பூட்டக் கொடுக்கும்போதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

அகலத்தில் குழப்பம் இல்லை. கால் நிற்கிற இடத்தில் 84 முதல் 92 மில்லிமீட்டர் என்றால் பார்க்குக்குத் தாராளம், இறுகிய பனியில் ஒரு விளிம்பிலிருந்து மற்றதுக்குச் சட்டென்று மாறும். புதுப் பனி விழுந்த நாளில் பார்க்கை விட்டு ஓடுகிறவர் 95 பக்கம் பார்க்கலாம். பைண்டிங்கின் பிரேக் (கழன்ற ஸ்கீ ஓடிப்போகாமல் நிறுத்துவது) அந்த அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், இதை மறந்து பிறகு தனியாகப் பிரேக் தேடி அலைகிறவர்கள் அதிகம். காலுக்குக் கீழே கேம்பர் (ஸ்கீயின் நடுப்பகுதி வில் மாதிரி மேலே எழும்பியிருப்பது) இருப்பதை வாங்குங்கள், பாய்ச்சலில் எழும்புகிற துள்ளல் அதிலிருந்துதான் வருகிறது. முனைகளில் கொஞ்சம் ராக்கர் (முனைக்கு முன்பே மேல்நோக்கி வளையத் தொடங்குவது) இருந்தால் நல்லதுதான்.

பெண்களுக்கு என்று தனியாக விற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில நிறுவனங்களில் அதே ஸ்கீ, மேலே படம் மட்டும் வேறு. விலை எது குறைவோ அதை எடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்குச் சட்டை எடுக்கிற மாதிரி, வளர்ந்து போடட்டும் என்று பத்து சென்டிமீட்டர் கூட்டி வாங்காதீர்கள். சுற்ற முடியாத ஸ்கீயோடு பிள்ளை பார்க்கில் நின்றால் பயம்தான் வரும். வளர்கிற வயதில் சீசன் முழுவதற்கும் வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி. மற்றது, பைண்டிங் கழலுகிற அளவைப் பிள்ளைகள் தாங்களாகவே ஸ்க்ரூட்ரைவரால் கூட்டிவிடுவார்கள், பெரிய வீரர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், ஓடுகிற விதம் எல்லாம் பார்த்துக் கணக்கிடுகிற எண் அது. கழல வேண்டிய நேரத்தில் ஸ்கீ கழலாவிட்டால் முழங்கால்தான் திருகும். சுவிஸில் விபத்துத் தடுப்பு அமைப்பான பிஎஃப்யூ ஒவ்வொரு வருடமும் பைண்டிங்கைச் சோதிக்கச் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் செய்கிறோம் என்று கேட்டால் சங்கடம்தான்.

காசு குறைவாக இருந்தால் கூச்சப்படாமல் பழசு வாங்குங்கள், இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர் ஸ்கீ சந்தை நடக்கும், இணையச் சந்தைகளான ரிக்கார்டோவிலும் டுட்டியிலும் எப்போதும் ஏதாவது கிடக்கும். மேலே இருக்கிற கீறலைப் பார்க்காதீர்கள். திருப்பிப் பிடித்து, கால் நிற்கிற இடத்துக்குக் கீழே இரும்பு விளிம்பை விரலால் மெதுவாகத் தடவுங்கள். கம்பியில் ஓடிய ஸ்கீ என்றால் அங்கே விளிம்பு மழுங்கித்தான் இருக்கும், கம்பியில் சிக்காமல் இருக்க வேண்டுமென்றே மழுக்குவதும் உண்டு, அது குறை இல்லை. மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு இருந்தாலும் விலை பேசலாம். விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு நின்றாலோ, பக்கச் சுவர் பிரிந்து உள்ளே மரம் தெரிந்தாலோ, தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பிராங்க் என்றாலும் விட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள்.