தணிகையில் அம்மா பாடினாள்

முருகா, உன் கடனைத் தீர்த்துவிட்டோம்.

நாற்பது வருஷம் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்தவள் அம்மா. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் அடைத்துப்போனது. குரல் வந்தால் திருத்தணியில் 'ஸ்ரீநாதாதி' பாடுகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். காசியிலிருந்து திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர் வாயில், இதே தணிகையில் கிழவராக வந்த முருகன் கற்கண்டு போட்டதும் பிறந்த முதல் கீர்த்தனை. மாயாமாளவகௌளை. சரளி வரிசை பழகும் அதே ராகம். அதனால் ஸரிகம ஆரம்பிக்கிற அன்றைக்கே ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். தீட்சிதரே வைத்தீஸ்வரன்கோவில் முத்துக்குமாரசுவாமியை வேண்டிப் பிறந்த பிள்ளை. பேரும் அவன் பேர், பாட்டுகளில் அவர் வைத்த முத்திரையும் முருகனைச் சொல்லும் 'குருகுஹ'.

போனது கிருத்திகையன்று. 365 படியும் ஏறியே தீருவேன் என்றாள். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். வழியெல்லாம் "சீக்கிர தரிசனம்மா, காசு மட்டும் குடுங்க" என்று புரோக்கர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. வயசானவளை நிற்கவும் விடாமல் இப்படியா பிடுங்குவது? மனசு கொதித்தது. பிறகு மூன்று மணி நேரம் வரிசை.

சன்னதியில் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. "நகருங்க, நகருங்க." அம்மா வாயைத் திறந்தாள். வெறும் காற்று. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுபடி எடுத்தாள். அஞ்சு கட்டையில் கணீரென்று பாடியவள், நாலுக்கும் கீழே, கரகரப்பாக, ஆனால் சுருதி விலகாமல், 'ஸ்ரீநாதாதி குருகுஹோ ஜயதி ஜயதி.' அவன் முகத்தைப் பார்த்தபடியே பாடினாள். எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது, சுவாமியைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பல்லவி முடிவதற்குள் கூட்டம் வெளியே தள்ளிவிட்டது.

பிராகாரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து மீதியைப் பாடினாள். மேல் ஸ்தாயி எட்டாத இடத்தில் என்னைப் பார்த்தாள், நான் எடுத்துக்கொண்டேன். முடிந்ததும், "உன் வேண்டுதலில் நான் குறுக்கே வந்துட்டேனேம்மா" என்றேன்.

"எட்டயபுரத்துல, 1835 தீபாவளியன்னிக்கு, கடைசி நேரத்துல தீட்சிதரே சிஷ்யாளைத்தானேடி 'மீனாக்ஷி மே முதம்' பாடச் சொன்னார்? பாட்டு முழுசா அவன் காதுல விழுந்துடுத்து. அது போதும்."

முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டாள். பையில் கொண்டுவந்திருந்த கற்கண்டில் ஒன்றை என் வாயில் போட்டாள்.

தணிகைவேலா, ஆஸ்பத்திரியில் சைகை காட்டிப் பேசிக்கொண்டிருந்தவளை உன் முன்னால் பாடவைத்தாயே, உனக்கு நான் என்ன செய்வேன்? திருப்பிக் கொடுத்த அந்தக் குரல் இன்னும் கொஞ்ச காலம் அவளிடமே இருக்கட்டும்.